கிளிப்பச்சை அறை

ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்ததும் விஜயராணி ஈஸ்வரமூர்த்தியின் வீட்டுப் படியேறுவாள். அவரும் ஒவ்வொரு வருஷமும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மோர் வரவழைத்து, பிள்ளைகுட்டி சௌக்கியமெல்லாம் விசாரித்து, கடைசியில் முடியாது என்று சொல்லி அனுப்பிவைப்பார். ஒருவரை இவ்வளவு மரியாதையாக வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் வித்தை திருப்பூர்ப் பக்கத்து மனிதர்களுக்குத்தான் வரும். தெருமுனை தாண்டிய பிறகுதான், அடடா, நம்மைத் துரத்தியல்லவா விட்டார் என்று உறைக்கும்.

அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வீரபாண்டி மைதானத்தில் நடக்கும் கபடிப் போட்டியில் பெண்கள் ஆட்டமும் ஒன்று வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஈஸ்வரமூர்த்தி போட்டிக் கமிட்டியின் தலைவர். சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டு பனியன் துணி ஓட்டுகிறவர். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

"நாங்க வேண்டாம்னு சொல்லுவமாங்க அம்மிணி? பொம்பளப் புள்ளைக ஆடுனா ஊருக்குத்தான் பெருமை. ஆனா வர்ற புள்ளைக துணி மாத்தறதுக்கு ஒரு எடம் வேணுமல்லங்க. நம்ம மைதானத்துல ஒரு மறப்பு கெடையாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா ஆரு பதில் சொல்றது? அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

அடுத்த வருஷமும் மைதானத்தில் மறைப்பு முளைத்திருக்காது. மறைப்பு கட்ட வேண்டியதே அந்தக் கமிட்டிதான் என்பது மோர் குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் ஞாபகம் வராது. ஆண்கள் விஷயத்தில் இந்தக் கவலை எழுந்ததே இல்லை. அவர்கள் வேப்பமரத்தடியில் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு ஆட இறங்கிவிடுவார்கள்.

விஜயராணி பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஜில்லா அளவில் ஆடியவள். அவள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் நுழைந்தால், எதிரே நிற்கிற பெண்களின் கால்கள் தானாகப் பின்னே போகும் என்று அவளே சொல்லக் கேட்டிருக்கிறேன். தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை. பிறகு படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது, புருஷன் முனீஸோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் ஆனாள். கபடி அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தாள்.

முடியவில்லை. கம்பெனி கேண்டீனுக்குப் பின்னால், நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிகள் குவிந்திருக்கும் இடத்தில், ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் விளையாட்டாகக் கோடு கிழித்தாள். தெற்கத்திப் பெண்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். அடுத்த வாரம் சிரிப்பு நின்றுவிட்டது, ஆட்டம் நிற்கவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஷேடு பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்ட கிளிப்பச்சைத் துணியில் ஆளுக்கொரு ஜெர்சி தைத்துக்கொண்டார்கள். கையில் வெள்ளைப் பட்டை. 'மின்னல்' என்று பேர் வைத்தது நாகஜோதி.

நாகஜோதி செக்கிங் செக்‌ஷன் பெண். கல்யாணம் ஆகாதவள், குழுவிலேயே இளையவள். துணியில் எள்ளளவு பழுது இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. உடனே அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். களத்தில் அவள் வேலை காலைப் பிடிப்பது. பாடி வருகிறவளின் கணுக்காலை அவள் பிடித்துவிட்டால், பிறகு உதறினாலும் பிடி விடாது.

அப்படிப்பட்ட நாகஜோதிதான் ஒரு நாள், "யக்கா, இனிமே என்னக் கூப்பிடாத," என்றாள்.

தாராபுரம் பக்கம் ஒரு ஊரில் திருவிழா ஆட்டம். அங்கேயும் மறைப்பு இல்லை. பெண்கள் தாங்கள் வந்த மினி லாரியின் பின்பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதற்குள் குனிந்தபடி ஜெர்சி மாற்றினார்கள். யாரோ சில பையன்கள் வந்து லாரியின் பலகையைத் தட்டினார்கள். ஒருத்தன் தார்ப்பாயைத் தூக்கினான். நாகஜோதி பாதி உடுத்திய நிலையில் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். விஜயராணி போட்ட சத்தத்தில் பையன்கள் ஓடிவிட்டார்கள், ஆட்டமும் நடந்தது, இவர்கள் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் திரும்பி வருகிற வழியில், லாரியில் வைத்துத்தான் நாகஜோதி அப்படிச் சொன்னாள். ஜெயித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிற கொடுமை வேறு யாருக்கும் வரக்கூடாது என்று விஜயராணிக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தவள் கை கால் கூடக் கழுவாமல் ரோட்டோரத்து அறையைத் திறந்துபோட்டு நின்றாள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனீஸும் அவளும் பாடுபட்டுக் கட்டிய சின்ன வீடு அது, மைதானத்துக்கு நேர் எதிரே. முன்னால் தனி வாசல் வைத்த ஒரு அறை, வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. திருப்பூரில் சும்மா கிடக்கிற அறை என்று ஒன்று கிடையாது. எந்த ஊரிலிருந்தாவது ஒரு குடும்பம் மூட்டையோடு வந்து வாசலில் நின்றுகொண்டேதான் இருக்கும். பூச்சு வேலை பாக்கியிருந்ததால் மட்டும் அந்த அறை வேஸ்ட் துணி மூட்டைகளோடும் பழைய சைக்கிளோடும் பூட்டிக் கிடந்தது.

"இது இனி வாடகைக்கு இல்ல. எங்க டீமுக்கு," என்றாள் விஜயராணி.

முனீஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏ, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? வருசத்துல ஒரு நா ஆடுற ஆட்டத்துக்கு ஒரு ரூம்பையே தூக்கிக் குடுப்பாகளா யாராச்சும்?"

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. தார்ப்பாயைத் தூக்கியதைச் சொன்னாள். நாகஜோதி உட்கார்ந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முனீஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாள் விடிந்து அவள் பார்க்கும்போது அவன் வேஸ்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான். அவன் சுபாவம் அப்படி.

அந்த மார்கழியில் விஜயராணி ஈஸ்வரமூர்த்தி வீட்டில் மோரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"அண்ணே, துணி மாத்த எடம் ஆச்சு. எங்க வீட்டு முன் ரூமு. உள்தாப்பா போட்டாச்சு, தண்ணி பிடிச்சு வச்சிருவோம். ரெண்டு டீமும் அங்கயே மாத்திக்கலாம்."

ஈஸ்வரமூர்த்தி இதை எதிர்பார்க்கவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

"நல்லதுங்க அம்மிணி, ரொம்ப நல்லது. ஆனா எதிர்த்து ஆடறதுக்கு ஒரு டீமு வரோணுமல்லங்க? பக்கத்துல பொம்பளப் புள்ளைக டீமுன்னா மங்கலம் ஒண்ணுதான். அந்த வேலாத்தாள் லேசுல வர மாட்டாங்களே. அவிங்க வர்றன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுங்க, நாளைக்கே நோட்டீஸ் அடிச்சுப்போடலாம்."

வேலாத்தாள் வர மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள் அவள். தறிக்காரர் வீட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தாள். அடை காக்கிற கோழி மாதிரி அந்தப் பெண்களைக் காப்பாள். ஒரு ஊரில் கொடுத்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று, வந்த வேனிலேயே எல்லோரையும் ஏற்றித் திரும்பிப் போனவள். விஜயராணி போனில் பேசியபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "நான் நேர்ல வந்து ரூமைப் பாக்கோணுங்க. பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன்." அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னாள்.

ஆக, எல்லாம் அந்த அறையில் வந்து நின்றது. அது வேலாத்தாளுக்குப் பிடித்தால் ஆட்டம் உண்டு. பிடிக்காவிட்டால் இன்னொரு வருஷம், இன்னொரு டம்ளர் மோர்.

வெறும் சிமெண்டுச் சுவரைக் காட்டினால் குடோன் மாதிரி இருக்கும் என்று, தங்கள் ஜெர்சியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிட முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு. குழு மொத்தமும் வந்து இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் போட்ட அறை என்றதும் நாகஜோதியும் திரும்பி வந்திருந்தாள். முனீஸ் கடையிலிருந்து கிளிப்பச்சை எமல்ஷன் டின் வாங்கி வந்து மூடியைத் திறந்தான். விஜயராணி ஜெர்சியை டின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். பெயிண்டும் துணியும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்றாக இருந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். முனீஸ் மட்டும் தலையை ஆட்டினான்.

முனீஸ் சாயப்பட்டறையில், கலர் கலக்குகிற இடத்தில் வேலை பார்ப்பவன். கலர் என்று வந்துவிட்டால் அவன் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"இப்ப ஈரமா இருக்குல்ல? ஈரத்துல சரியா இருந்தா காஞ்ச பெறகு வெளுத்துப் போயிரும். நனைஞ்ச துணியையும் காஞ்ச துணியையும் நீங்க பாத்ததே இல்லையாக்கும்? காயுறப்ப ரெண்டு ஷேடு எறங்கும். அதுக்குத் தக்கன முன்னாடியே ஏத்தி வச்சுக்கிறணும்."

இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? அங்கே இருந்த அத்தனை பேரும் துணிக்குள்ளேயே உழல்கிறவர்கள். நனைந்த துணி அடர்ந்திருக்கும், காய்ந்தால் வெளுக்கும் என்பது அவர்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. போதாததற்கு, அதுவரை அவர்கள் வாழ்ந்த வீடுகளிலெல்லாம் சுண்ணாம்புதான். அதுவும் காயக் காயத்தான் வெளுக்கும். வேறு ஊரில் சொல்லியிருந்தால் பெயிண்டர் ஒருவனாவது வாயை மூடச் சொல்லியிருப்பான். இங்கே எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முனீஸ் கரும்பச்சை ஸ்டெய்னர் சாயத்தையும் கொஞ்சம் கறுப்பையும் பிழிந்து, குச்சியால் கலக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிழிந்தான்.

"யக்கா, இது நம்ம கலர் மாதிரியே இல்லையே," என்றாள் நாகஜோதி.

"ஈரமா இருக்குடி. காயட்டும்," என்றாள் விஜயராணி.

நாலு சுவரும் அடித்து, அது முழுக்கக் காய்வதற்கு முன்பே இரண்டாம் பூச்சும் முடித்து, முகத்திலும் முடியிலும் பச்சையோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். எமல்ஷன் பெயிண்டுக்குத் தனிக் குணம் உண்டு. அது காய்ந்தால் வெளுக்காது, இன்னும் அடரும். டின்னில் எழுதியிருந்ததோ என்னவோ, யார் படித்தார்கள்?

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் விஜயராணியும் நாகஜோதியும் அறைக் கதவைத் திறந்தார்கள். திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே கிளிப்பச்சை இல்லை. கும்மென்று பாட்டில் பச்சை. நாகஜோதி பழுது கண்ட இடத்தில் ஒட்டலாம் என்று கம்பெனியிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் தாளே கொண்டுவந்திருந்தாள். ஒன்றைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள்.

"எந்த எடத்துலக்கா ஒட்ட? மொத்த ரூம்புமே ரிஜெக்ட்டுல்ல!"

முனீஸ் வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைத் தொட்டான், நகத்தால் சுரண்டினான், வெளியே போய் வெளிச்சத்தில் நகத்தைப் பார்த்தான். "துணியா இருந்திருந்தா எறங்கியிருக்கும்," என்றான்.

"செவுத்துக்கு யாரு துணின்னு சொன்னது?" விஜயராணிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "இது எந்த டீமோட கலர் தெரியுதா ஒங்களுக்கு? மங்கலத்தோட கலர்! அவுகதான் பாட்டில் பச்சை போட்டு ஆடுறாக. நம்ம வீட்டுக்குள்ள, நம்ம காசுல, நம்ம கையால அவுக கலர அடிச்சு வச்சிருக்கோம்!"

சாயப்பட்டறையில் ஒரு லாட் துணி கெட்டுப்போனால் கூட முனீஸ் இவ்வளவு நொறுங்கியதில்லை. நாகஜோதிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் நிழல் தட்டியது.

"ஏனுங்க, விஜயராணி ஊடு இதுதானுங்களா?"

வேலாத்தாள் நல்ல வாட்டசாட்டமான பெண்பிள்ளை. கூந்தலில் தறிப்பஞ்சு ஒட்டியிருந்தது. வா என்று சொல்லுமுன் உள்ளே வந்துவிட்டாள். முதலில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், தோளால் முட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போட்டிருந்த திரையை இழுத்துப் பார்த்தாள். துணி மாட்ட அடித்திருந்த கொக்கிகளையும் கண்ணாடியையும் பார்த்தாள். அப்புறம்தான் சுவர்களைப் பார்த்தாள். பார்த்தவள் நின்றுவிட்டாள். மெதுவாகப் போய் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"எங்க கலருங்களா இது?" என்றாள். "எத்தன ஊருக்குப் போயிருக்கறம். குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட மொறச்சுப் பாப்பாங்க. நீங்க எங்களுக்குன்னு கலரே அடிச்சு வெச்சிருக்கறீங்களே சாமி."

முனீஸின் முகம் அரை நொடியில் மலர்ந்துவிட்டது. "விருந்தாளிக இல்லையா, பெறகு செய்யாம?" என்று சொல்ல வாயெடுத்துவிட்டான். நாகஜோதி பின்னாலிருந்து விஜயராணியின் இடுப்பைக் கிள்ளினாள். பேசாமல் இரு என்று அர்த்தம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் இத்தனை வருஷம் கேட்டது அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வேலாத்தாளின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபோது விஜயராணிக்கு அந்தப் பொய்யை அப்படியே விட மனம் வரவில்லை. தார்ப்பாய்க்குள் குனிந்து துணி மாற்றிய ஒருத்தியை இன்னொருத்தி இவ்வளவு நம்பிப் பார்க்கும்போது, அவள் காதில் பூச்சுற்றலாமா?

"அக்கா, மன்னிச்சுக்கிருங்க. ஒங்களுக்காக அடிக்கல. எங்க கிளிப்பச்சையத்தான் அடிக்கப் போனோம். இந்த மனுசன் காஞ்சா வெளுக்கும்னு சாயத்த ஏத்தி விட்டுட்டாரு. இப்படி ஆகிப்போச்சு."

முனீஸ் தரையைப் பார்த்தான். வேலாத்தாள் முனீஸைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி முனீஸைப் பார்த்தாள்.

"துணின்னு நெனச்சுப்போட்டீங்களா?"

"ஆமாக்கா," என்றான் முனீஸ்.

வேலாத்தாள் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நாகஜோதியும் சேர்ந்துகொண்டாள். கடைசியில் முனீஸும் சிரித்தான். விஜயராணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "கண்ணு, நாஞ் சொல்றதக் கேளு. ஒரு ரூமைக் காட்டி ஏமாத்தறது பெரிய காரியமே இல்ல. எத்தனயோ ஊர்ல ஏமாத்தியிருக்கறாங்க. சும்மா வந்த நல்ல பேரையே வேண்டாம்னு சொல்ற நீ, எம் புள்ளைகள உள்ள உட்டுப்போட்டு வெளிய ஒண்ணு பேச மாட்ட. நாங்க வர்றமுங்க. ஆனா ஒண்ணு. இந்தக் கலரை முழுசா அழிக்கப்படாது. தப்பா வந்தாலும் அது எங்க கலரு. ரெண்டு செவுரு எங்களுக்கு, ரெண்டு செவுரு உங்களுக்கு."

அந்த வாரம் முழுக்க முனீஸ் இரண்டு சுவர்களுக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் கிளிப்பச்சை அடித்தான், டின்னைத் திறந்தபடியே, ஒரு சொட்டுக் கூடக் கலக்காமல். நாகஜோதி செலோ டேப் ஒட்டி, இஞ்ச் டேப் பிடித்து அளந்து, நாலு சுவரையும் சுற்றி ஒரே வெள்ளைப் பட்டை ஓடவிட்டாள். சட்டையின் பக்கத் தையலில் கோடு கோட்டோடு சேர வேண்டும் என்று பார்ப்பார்களே, அதே மாதிரி மூலைக்கு மூலை பட்டை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். சேராத இடத்தில் அம்புக்குறி ஒட்டி, முனீஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினான். ஒருபக்கம் பாட்டில் பச்சை, ஒருபக்கம் கிளிப்பச்சை. பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தில் கூட மணப்பெண் அறையை இப்படி ஜோடித்து நான் பார்த்ததில்லை.

ஈஸ்வரமூர்த்தி வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மூன்றாவது காரணத்தைத் தேடியிருப்பார், கிடைக்கவில்லை. "பேஷா இருக்குதுங்க அம்மிணி," என்றார். மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டி, வீரபாண்டி மின்னல் அணிக்கும் மங்கலம் அணிக்கும் பெண்கள் கபடி என்று தெருத்தெருவாக முழங்கினார்கள். டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைகளுக்குன்னு தனி ரூமே ஏற்பாடு பண்ணியிருக்கறமுங்க," என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னாராம். விஜயராணி காதுக்கும் அது எட்டியது. சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

காணும் பொங்கல் அன்று மத்தியானத்துக்கு மேல் மைதானத்தில் எள் போட இடமில்லை. நிட்டிங் கம்பெனி மாடியில், தண்ணீர் டேங்கின் மேல், லாரி கேபின் மேல் என்று எங்கும் தலைகள். இந்தி பேசுகிற பையன்கள் கூட்டமாக வந்து, விஷயம் புரிகிறதோ இல்லையோ, விசிலடித்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அதைத்தான் கமிட்டிக்காரர்கள் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக் கதவு திறந்தது. பாட்டில் பச்சையும் கிளிப்பச்சையுமாக இரண்டு வரிசைகள் ரோட்டில் இறங்கின. யாரும் குனியவில்லை, யாரும் துப்பட்டாவை இழுத்து மூடவில்லை. முன்னால் விஜயராணியும் வேலாத்தாளும். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. இதற்காகத்தான் இத்தனை பாடு என்று விஜயராணிக்கு அந்த நாலெட்டு தூரத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயிப்பதும் தோற்பதும் இனி உபரிதான் என்று நினைத்துக்கொண்டாள். களத்தில் கால் வைத்ததும் அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை. ஜெயித்தே ஆகவேண்டும் என்று இருந்தது.

மங்கலத்துப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தறியில் நின்று நின்று இறுகிய கால்கள். முதல் பாதியில் மின்னலை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். இரண்டாம் பாதியில் விஜயராணி பாடிப் போய் ஒரே மூச்சில் இருவரைத் தொட்டுத் திரும்பினாள். மைதானம் அதிர்ந்தது. முனீஸ் வேட்டி அவிழ்வது தெரியாமல் குதித்தான். அடுத்தடுத்து இரண்டு பக்கமும் புள்ளிகள் ஏறி, ஆட்டம் முடிகிற நேரத்தில் சமமாக நின்றது. அப்போது விஜயராணி பாடிப் போனாள், பிடிபட்டாள். முழங்கால் சிராய்த்து, அவுட்டாகி, கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். இப்போது மங்கலம் ஒரு புள்ளி முன்னால்.

அடுத்து பாடி வந்த மங்கலத்துப் பெண் யாரையும் தொடாமல் திரும்பினாள். பிறகு நாகஜோதி பாடிப் போனாள். பாடிப் போவது அவள் வேலையே இல்லை. ஆனால் வேறு ஆள் இல்லை. போனவள் காலை நீட்டி ஒருத்தியின் விரல் நுனியைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள். மறுபடியும் சமம். எதிர்ப்பக்கம் ஒருத்தி அவுட்டானதால், வெளியே உட்கார்ந்திருந்த விஜயராணி களத்துக்குள் திரும்பப் போகலாம். கூட்டம் அவள் பேரைச் சொல்லிக் கத்தியது. எழுந்து நின்றாள். முழங்காலில் ரத்தம். உள்ளே போய்ச் சங்கிலியில் கை கோத்து நின்றாள்.

கடைசிப் பாட்டு மங்கலத்துடையது. அவர்களிலேயே நெட்டையான பெண் பாடி வந்தாள். இடப்பக்கம் போவது மாதிரி போக்குக் காட்டி, வலப்பக்கம் விஜயராணியின் அடிபட்ட காலைக் குறிவைத்துக் கையை நீட்டினாள். விஜயராணி பின்வாங்கினாள், தடுமாறினாள். போச்சு என்று கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. அந்தத் தடுமாற்றத்துக்குள் எங்கிருந்தோ நாகஜோதி தரையோடு தரையாகப் பாய்ந்து அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தாள். அவள் உதறினாள். இழுத்தாள். நாகஜோதியையும் சேர்த்து நடுக்கோடு வரைக்கும் மண்ணில் இழுத்துக்கொண்டு போனாள். பிடி விடவில்லை. விஜயராணி மேலே விழுந்து அமுக்கினாள். பாட்டு நின்றது. நடுவர் விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு என்ன சத்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேலாத்தாள் ஓடி வந்து, தன் அணிப் பெண்ணைத் தூக்கி விட்டுவிட்டு, நாகஜோதியின் மண் அப்பிய கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். "அடுத்த வருசம் மங்கலத்துல வெச்சுப் பாத்துக்கறன் உன்னய," என்றாள்.

பரிசு கொடுக்க வந்திருந்த பெரிய மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு ஊரிலும் மேடை இருந்தது. ஈஸ்வரமூர்த்தி மைக்கில் மின்னல் அணியை மேடைக்கு அழைத்தார். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். இரண்டு குழுக்களும் ரோட்டைத் தாண்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாக யாரோ சொன்னார்கள். ஈஸ்வரமூர்த்தி கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கமிட்டிக்காரர்கள் பின்னால் வர, அவசர அவசரமாக ரோட்டைக் கடந்து வந்து கதவைத் தட்டினார்.

"அம்மிணி, பரிசு குடுக்க வந்தவருக்கு நேரமாவுதுங்க. கொஞ்சம் வெளிய வாங்க."

உள்ளே தண்ணீர் சத்தமும் சிரிப்பும் கேட்டது. விஜயராணி முழங்காலைக் கழுவி முடித்து, நல்ல சேலை ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் நாகஜோதி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, துணி மாத்திக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் பொறுங்க."

ஈஸ்வரமூர்த்தி தட்டப் போன கையை இறக்கிக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நல்ல வெயிலில், ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க நெருங்கி வந்த பையன்களை, "தள்ளிப் போங்கடா, உள்ள புள்ளைக இருக்கறாங்க," என்று ஈஸ்வரமூர்த்தியே விரட்டினார். உள்ளே இருந்தவர்கள் ஜடை பிரித்துப் பின்னி, பொட்டு வைத்து, ஒருவர் சேலையை ஒருவர் சரிசெய்து, ஆற அமரத்தான் வெளியே வந்தார்கள்.